ஆறாம் நாள் எடுத்த படம்

உக்கிரபாண்டி கண் மூடிக் கிடக்க ஆரம்பித்து அன்றோடு ஆறு நாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் வெற்றிலைக் கட்டுகளோடு சோழவந்தானிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய அண்ணனும் தம்பியும் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. விளாங்குடி தாண்டுகையில் ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. வாங்கி மூன்று வாரமே ஆன மோட்டார் சைக்கிள் சரிந்தது. அண்ணன் முத்திருளனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. தம்பி உக்கிரபாண்டியின் தலை சிறு பாலத்துச் சுவரில் போய் மோதியது.

வண்டியை ஓட்டியவன் தம்பிதான் என்று முத்திருளன் போலீஸில் சொல்லியிருந்தான். அது பொய் என்பது அவனுக்குத் தெரியும். இப்போது நமக்கும் தெரியும். ஆனால் தம்பி மனைவி அன்னக்கொடிக்குத் தெரியாது.

அவள் ஆறு நாளாகப் புருஷனின் காதோரம் குனிந்து திட்டிக்கொண்டிருந்தாள். "இந்த வண்டி வேணாம் வேணாம்னு எம்புட்டுச் சொன்னேன். கேட்டீகளா? எந்திரிச்சு வாங்க, வச்சுக்கிறேன்."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே மெத்தை போட்டிருந்தார்கள். அன்னக்கொடி மாடி வராந்தாவிலிருந்து அதைப் பார்த்தாள். வேனிலிருந்து இறங்கிய ஆளையும் பார்த்தாள்.

முத்திருளன் படியேறி வந்தான். சவரம் செய்யாத முகம். வேட்டியில் ஆறு நாள் அழுக்கு.

"யாருக்கு மச்சான் மெத்தை?"

அவன் நேராகப் பார்க்கவில்லை. "வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம் ஆத்தா. ஊரு, சனம் எல்லாம் அங்கன இருக்கு. இங்கன அனாதை மாதிரி எதுக்குக் கெடக்கணும்?"

"யாரு சொன்னா?"

"டாக்டருதான். ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு நேத்துச் சொன்னாருல்ல."

"சொல்றதுக்கில்லன்னா தெரியலைன்னு அர்த்தம். செத்துருவாருன்னா அர்த்தம்?"

முத்திருளன் திரும்பிக் கீழே நின்ற வேனைப் பார்த்தான். தம்பி பிழைக்க வேண்டும் என்று ஆறு நாளாக அவன் வேண்டாத சாமி இல்லை. பிழைத்துக் கண் விழித்தால் முதலில் என்ன சொல்வானோ என்று ஆறு நாளாக அவன் பயப்படாத நேரமும் இல்லை. வேனைக் கூப்பிட்டது தம்பிக்காகவா, தனக்காகவா? வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தான்.

வார்டிலிருந்து மூளை டாக்டர் கைலாசநாதன் வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சை அளந்து பேசுகிறவர். அன்னக்கொடி கடைசியாகச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அந்தம்மா சொல்றதுதான் சரி," என்றார். "எனக்குத் தெரியலைன்னுதான் சொன்னேன். மண்டைக்குள்ள என்ன நடந்திருக்குன்னு வெளியிலேர்ந்து எனக்குத் தெரியாது. போன மாசமா இருந்தா இதோட விட்டிருப்பேன், இல்லே மெட்ராசுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன். இப்போ பழங்காநத்தத்துல ஸ்கேன் மெஷின் வந்தாச்சு. மூளையைக் குறுக்கு வாக்குல துண்டு துண்டாப் படம் எடுக்கும். பார்த்தா, இவர் எந்திரிப்பாரா மாட்டாரான்னு ஓரளவு சொல்லலாம். பத்தரை மணிக்கு நேரம் கேட்டு வாங்கிட்டேன். ஆனா..."

"என்னங்கய்யா ஆனா?"

"ஆம்புலன்ஸ் திருமங்கலம் போயிருக்கு. திரும்ப மத்தியானமாயிடும்."

அன்னக்கொடி கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். முத்திருளன் கொண்டுவந்த வேன் நின்றுகொண்டிருந்தது. மெத்தையும் இருந்தது.

"மச்சான், வண்டி இந்தா நிக்குதே! இதுலயே போவோம். சோழவந்தானுக்கு இல்ல. பழங்காநத்தத்துக்கு!"

முத்திருளன் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டு மெத்தையைச் சரிசெய்யப் படியிறங்கினான்.

பத்து நிமிஷத்தில் உக்கிரபாண்டியை வேனில் ஏற்றினார்கள். ஒரு நர்ஸ், ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர், மூக்கில் உணவு போகும் ரப்பர் குழாய். டாக்டர் கைலாசநாதன் டிரைவருக்குப் பக்கத்தில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்னக்கொடி புருஷன் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். முத்திருளன் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

ஆடிக்காற்று ரோட்டுப் புழுதியை எல்லாம் கண்ணாடி மேல் வாரி இறைத்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரைவர் வண்டியைப் பூப்போல ஏற்றி இறக்கினான். ரயில்வே பாலத்துக்கு அடியில் மாட்டு வண்டி ஒன்று மறித்துக்கொண்டு நின்றது. அன்னக்கொடி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"ஏண்ணே! உசுரு போகுதுண்ணே! ஓரமா ஓட்டுண்ணே!"

வண்டிக்காரன் அவள் குரலைக் கேட்டுப் பதறிக் காளைகளைச் சாக்கடை ஓரம் வரைக்கும் ஒதுக்கினான்.

"இப்படி ஒரு சைரன் எங்க ஆம்புலன்ஸுக்கே கிடையாது," என்றார் டாக்டர் திரும்பிப் பார்த்து. ஆறு நாளில் முதல் தடவையாக அன்னக்கொடிக்குச் சிரிப்பு வந்தது.

ஸ்கேன் எடுக்கும் இடம் ஒரு பழைய அரிசிக் குடோனை மாற்றிக் கட்டியது. உள்ளே போனால் குளிர் எலும்பைத் தொட்டது. "மெஷினுக்குச் சூடு ஆகாது, அதான் ஏஸி," என்றாள் எதிரே வந்த பெண். டாக்டர் விஜயம். முப்பது வயது தாண்டியிருக்காது. நீலக் கரைச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. மெட்ராஸில் இதே படிப்பைப் படித்துவிட்டு, மெஷின் வருகிறது என்று கேள்விப்பட்டதும் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வளையம், நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் தலை போகும்படி உக்கிரபாண்டியைப் பலகையில் படுக்க வைத்துத் தலையைப் பட்டை போட்டுக் கட்டினார்கள்.

முதல் படம் எடுக்கும்போதே அவன் தலையை உதறினான்.

"அசைஞ்சா படம் கலங்கிப் போயிடும்," என்றாள் விஜயம். "யாராவது தலையைப் பிடிச்சுக்கணும். நல்ல பலமா. நீங்க வாங்க சார்."

அவள் கூப்பிட்டது முத்திருளனை.

"நானா?" அவன் பின்வாங்கினான். "நான்... நான் வேணாம்மா."

"அண்ணன்தானே? பயப்படாதீங்க. இந்த ஈயக் கவசத்தைப் போட்டுக்கிட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"போங்க மச்சான்!" அன்னக்கொடி அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

ஈயக் கவசம் கருங்கல் மாதிரி கனத்தது. அதைப் போட்டுக்கொண்டு தம்பியின் தலைமாட்டில் நின்று, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டான். ஆறு நாள் தாடி உள்ளங்கையில் குத்தியது. சின்ன வயதில் வைகையில் நீச்சல் பழக்கும்போது இதே தாடையைத்தான் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அன்றைக்கு விடவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை, "குடுடா, கொஞ்ச தூரம் நானும் ஓட்டிப் பாக்குறேன்" என்று சாவியைப் பிடுங்கியதும் இதே கைதான்.

மெஷின் உறுமியது. வளையத்துக்குள் ஏதோ சுற்றியது. ஒரு படம். இரண்டு படம். மூன்று.

திடீரென்று விளக்குகள் மங்கின. உறுமல் இழுத்துக்கொண்டே அடங்கியது.

"வோல்டேஜ் இறங்கிடுச்சு!" விஜயம் பதறி எழுந்தாள். "ஜெனரேட்டரைப் போடுங்க, சீக்கிரம்!"

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் கைலாசநாதன்.

"மெஷின் திரும்பத் தயாராக இருபது நிமிஷம்."

நர்ஸ் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். "டாக்டர், ஆக்ஸிஜன் கால்வாசிதான் இருக்கு."

பின்பக்கம் ஜெனரேட்டர் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. அன்னக்கொடி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு புருஷனின் மார்பு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை இருநூறைத் தாண்டியபோது ஜெனரேட்டர் பிடித்தது. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

அத்தனை நேரமும் முத்திருளன் தம்பியின் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுபடி உறுமல். நான்கு, ஐந்து, ஆறு. ஒன்பதாவது படத்தோடு விஜயம் கையைத் தட்டினாள். "போதும்! அருமையா வந்திருக்கு!"

சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நர்ஸையும் உக்கிரபாண்டியையும் ஏற்றிக்கொண்டு கைலாசநாதன் உடனே ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். "படம் கழுவி வந்ததும் வாங்கிட்டு வாங்க. விஜயம் விளக்கிச் சொல்லுவா," என்று அன்னக்கொடியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து, ஈரம் காயாத பிலிமை விஜயம் வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்பது வட்டங்கள். அக்ரூட் கொட்டையைக் குறுக்கே நறுக்கி வைத்தது போல.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றாவது வட்டத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அப்புறம், டாக்டர் என்பதையே மறந்துவிட்டவள் போல "ஆஹா!" என்றாள்.

"என்னம்மா? நல்லதா கெட்டதா?" அன்னக்கொடி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"இங்க பாருங்க. இந்த நடுக்கோடு நேரா இருக்கு. உள்ளே ரத்தம் பெரிசாக் கட்டியிருந்தா இது ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஒதுங்கலை. அடுத்தது, இதுதான் முக்கியம். நடுவுல தண்டு மாதிரி தெரியுதே, மூச்சு விடறது, முழிச்சுக்கறது எல்லாம் அதோட வேலை. அதைச் சுத்தி கறுப்பா இருக்கிறது தண்ணி. மூளை வீங்கினா முதல்ல இந்தத் தண்ணி இருக்கிற இடம்தான் நசுங்கி அடைபடும். அடைபட்டுட்டா தண்டும் நசுங்கிடும். இவருக்கு அடைபடலை. நல்லாத் திறந்திருக்கு!"

அன்னக்கொடி பிலிமில் மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தாள். "எங்க கொடிக்கால்ல பாத்திக்கு நடுவுல வாய்க்கால் ஓடுமே, அது மாதிரியா? வாய்க்கா தூந்துச்சுன்னா வெத்தலைக் கொடி வெளுத்துரும். தண்ணி நின்னா, மேல காஞ்ச கொடிகூடத் துளுத்துரும்."

"அதேதான்! இதைவிடத் தெளிவா எனக்கும் சொல்லத் தெரியாது."

"அப்ப எந்திரிச்சிருவாரா?"

விஜயம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். "படிக்கிற காலத்துலேர்ந்து தலையில அடிபட்டவங்க படத்தைப் பார்த்ததும் இவர் பிழைப்பார், இவர் மாட்டார்னு இதுல எழுதி வைப்பேன். மூணு மாசம் கழிச்சு விசாரிச்சு, நான் சொன்னது சரியா தப்பான்னும் எழுதுவேன். இந்தத் தண்ணி இடம் திறந்திருந்தவங்க நாலு பேர்னா, மூணு பேர் எந்திரிச்சு நடந்திருக்காங்க. ஒருத்தர் நடக்கலை. அதையும் சொல்லணும்."

"அந்த மூணுல இவர எழுதிக்கங்க," என்றாள் அன்னக்கொடி.

விஜயம் சிரித்தாள். பேனாவைத் திறந்து, எழுத எழுத வாய்விட்டே படித்தாள். "உக்கிரபாண்டி. வயசு முப்பத்திரண்டு. இரண்டு வாரத்துக்குள் கண் விழிப்பார். மூணு மாசத்தில் நடப்பார்."

அன்னக்கொடி அழுதாள், சிரித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

முத்திருளன் ஸ்டூலில் உட்கார்ந்தான். தம்பி பிழைத்துவிடுவான்! நெஞ்சு முட்டிக்கொண்டு வந்த சந்தோஷத்துக்கு நடுவில் அந்தப் பழைய பயமும் தலையைத் தூக்கியது.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றாள் விஜயம். பிலிமில் இடது ஓரத்தில் சிதறியிருந்த சில வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினாள். "இங்க கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்கு. பேச்சு ஆரம்பத்துல தடுமாறலாம். கோபம் ஜாஸ்தி வரலாம். நீங்க பொறுத்துப் போகணும். இன்னொண்ணு, இது படத்தைப் பார்த்துச் சொல்றதில்லை. இத்தனை நாள் நினைவில்லாம இருந்தவங்களுக்கு அடிபட்ட நேரம் ஞாபகத்துக்கு வர்றதே இல்லை. எப்படி விழுந்தோம், எங்கே போனோம், எதுவும் தெரியாது. அன்னிக்குக் காலையே அவருக்கு இருக்காது."

"அது எதுக்கும்மா இப்ப?" என்றாள் அன்னக்கொடி. "ஆளு வந்தாப் போதும்."

முத்திருளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாபகம் வராது. தம்பி ஒரு நாளும் சொல்லப்போவதில்லை. மாட்டைத் தவிர வேறு சாட்சியும் இல்லை. ஆறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் இறங்கிப் போய்விட்டது.

இறங்கியதும் அவனுக்கு மூச்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவர்கள் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது மணி ஒன்று. பிலிம் உறையை அன்னக்கொடி கல்யாணப் பத்திரிகை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டுக்காரியிடம்கூட, "எங்க வீட்டுக்காரரு மூளை. நல்லாருக்கு!" என்று சொல்லிவிட்டாள்.

மாடிப்படியில் பாதி ஏறியதும் முத்திருளன் நின்றான்.

"அன்னக்கொடி."

"வாங்க மச்சான், வெரசா. டாக்டர்கிட்டப் படத்தைக் காட்டணும்."

"வண்டிய அவன் ஓட்டல. நான்தான் ஓட்டுனேன்."

அவள் திரும்பினாள்.

"லைசென்ஸ் இல்லாத பய நான். அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் சாவியப் பிடுங்குனேன். மாடு வந்தப்ப எந்த பிரேக்கப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியல. போலீஸு கேட்டப்ப வாயில பொய் வந்துருச்சு. பெறகு அத மாத்தத் தைரியம் வரல."

அவள் இரண்டு படி மேலே நின்றாள். ஆறு நாள் புருஷன் காதில் என்னவெல்லாம் திட்டியிருக்கிறாள்! ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "என்ன அவசரமோ, கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிருக்கான்" என்று சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே!

"இதை எதுக்கு இப்பச் சொல்றீக? அவருக்குத்தான் ஞாபகம் வராதுன்னுட்டாகளே."

"அதனாலதான் ஆத்தா. இனிமே நான் சொல்லலைன்னா சொல்ல ஆளே இல்ல."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. காலையில் மெத்தை போட்டு வேன் கொண்டுவந்தவன். அதற்குப் பிறகு அரைமணி நேரம் கையெடுக்காமல் தாடையைத் தாங்கி நின்றவனும் இவன்தான். இரண்டும் ஒரே ஆள் என்பதை அவளால் ஒரு சேரப் பார்க்க முடியவில்லை.

"அவரு முழிச்சதும் நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க," என்றாள் கடைசியில். "நான் சொல்ல மாட்டேன். மன்னிக்கிறதா வேணாமான்னு அவரு முடிவு பண்ணட்டும்."

அப்போதுதான் வார்டிலிருந்து நர்ஸின் கூச்சல் கேட்டது.

"ஐயையோ, பிடுங்கிட்டாரே! குழாயைப் பிடுங்கிட்டாரே!"

அன்னக்கொடி ஓடினாள்.

உக்கிரபாண்டியின் மூக்கிலிருந்த ரப்பர் குழாய் அவன் வலது கையில் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தான். நர்ஸ் விரல்களைப் பிரிக்கப் பார்க்க, அவன் விடமாட்டேன் என்று இழுத்தான்.

"திட்டாதீங்க சிஸ்டர், திட்டாதீங்க!" பின்னாலேயே ஓடிவந்த கைலாசநாதன் கத்தினார். அளந்து பேசும் மனிதரின் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "எங்கே உறுத்துதுன்னு தெரிஞ்சு, சரியா அங்கேயே கை போயிருக்கு பாருங்க! நேத்து வரைக்கும் இது கிடையாது!"

அன்னக்கொடி கட்டிலோரம் மண்டியிட்டாள். "என்னங்க... நான்தாங்க. அன்னக்கொடி. இனிமே திட்ட மாட்டேங்க."

இமைகள் துடித்தன. இடது கண் பாதி திறந்தது. அந்தக் கண் கூரையைப் பார்த்தது, விளக்கைப் பார்த்தது, அலைந்து அலைந்து அவள் முகத்தில் வந்து நின்றது.

அவள் துள்ளி எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். படியில் முத்திருளன் இல்லை. கீழே வேப்ப மரத்தடியில், போலீஸ் ஏட்டு பேச்சிமுத்துவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். தம்பி ஓட்டியதாகவே எழுதிக் கேஸை முடிக்க அவனிடம் ஒரு கையெழுத்து வாங்க வந்தவர் ஏட்டு. எழுதிய தாளை அவர் இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அதில் கையெழுத்து விழவில்லை.

"மச்சான்!" அன்னக்கொடி கைப்பிடிச் சுவரில் எக்கிக் கத்தினாள். "கண்ணத் தொறந்துட்டாரு மச்சான்! கண்ணத் தொறந்துட்டாரு!"

முத்திருளன் அண்ணாந்து பார்த்தான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான். அவளையா, சாமியையா, மேலே படுத்திருந்தவனையா என்று தெரியவில்லை. முகமெல்லாம் கண்ணீர்.

ஏட்டு சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். "போப்பா. ஒரு எட்டு தம்பியப் பாத்துட்டு வந்துரு. ஸ்டேஷன் எங்கயும் ஓடிறாது."

முத்திருளன் தலையை ஆட்டினான்.

"இல்ல ஏட்டையா. இப்ப அவன் முகத்தப் பாத்துட்டா, பெறகு ஸ்டேஷனுக்கு வர எனக்குக் காலு வராது. மொதல்ல அங்க போவோம். உள்ளதச் சொல்லிட்டு வந்து பாக்குறேன்."